மலையூர் வாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

சாலை போய்ச் சேராத உயரத்தில் இருக்கும் ஊர்களைப் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறோம். குடிநீர், மருத்துவம், கட்டுமானம் ஆகிய துறைகளில் பழகியவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. பெண்கள் ஏறிப்போய்க் குடத்தில் சுமந்து வருகிறார்கள். மோட்டார் இல்லாமல் குழாய் வழியாகவே ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அளப்பதிலிருந்து. குழாய் வாங்குவதற்கு முன் ஊற்று எவ்வளவு தருகிறது என்று தெரிய வேண்டும். அதையும் கோடையின் கடைசி வாரங்களில், ஊற்று மிக மெலிந்திருக்கும்போது அளக்க வேண்டும். மழை முடிந்த கையோடு அளந்து போட்ட திட்டம் முதல் கோடையிலேயே காய்ந்துவிடும். களிமண்ணால் சின்ன அணை கட்டி, ஒரு துண்டுக் குழாய் செருகி, தண்ணீர் முழுவதும் 20 லிட்டர் வாளியில் விழும்படி பிடியுங்கள். நிரம்ப 50 விநாடி ஆனால் விநாடிக்கு 0.4 லிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 34,500 லிட்டர். கசிவுக்கும் கால்நடைக்கும் பாதியை ஒதுக்கி, ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 340 பேருக்குப் போதும். இரவில் யாரும் பிடிக்காத 10 மணி நேரத்தில் வந்து சேர்வது 14,400 லிட்டர். அது வழிந்தோடாமல் இருக்க ஊருக்குச் சற்று மேலே 15,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டுங்கள்.

அடுத்தது ஊற்றுப்பெட்டி, அதாவது ஊற்றுநீரைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மூடிய தொட்டி. இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. தண்ணீரை உயர்த்தித் தேக்கலாம் என்று ஊற்றுக்கண்ணுக்கு மேலே மட்டம் ஏறும்படி பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். பின்னழுத்தம் தாங்காமல் தண்ணீர் பாறைக்குள்ளேயே வேறு வழி தேடிப் போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே வழிந்தோடும் குழாய் எப்போதும் ஊற்றுக்கண்ணுக்குக் கீழேயே இருக்க வேண்டும். அதன் விட்டம், மழைக்காலத்து முழு வரத்தையும் விழுங்கும் அளவு பெரியதாக இருக்கட்டும். தண்ணீர் வெளிவரும் பாறை தெரியும்வரை மண்ணைத் தோண்டி எடுத்து, அங்கே கழுவிய சரளைக்கல்லை நிரப்பி, அதன் முன்னால் சாந்து பூசாத கல் சுவர் வைத்து, பிறகு பெட்டி. ஊருக்குப் போகும் குழாய் பெட்டியின் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. மேலே, முனையில் சல்லடையோடு. தரைமட்டத்தில் கழுவிவிட ஒரு குழாய். மூடியின் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை வேண்டும். பெட்டிக்கு 8 முதல் 10 மீட்டர் மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டி, சுற்றி வேலி போட்டு, ஆடுமாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். கீழே குழாயைத் திருகி மூடிய நொடியில் மேலிருந்து அதுவரை உள்ள முழு உயரத்தின் அழுத்தமும் அங்கே வந்து நிற்கும். பி.என். 6 என்று அழுத்தக் குறி அச்சிட்ட எச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக் குழாய் 60 மீட்டர் உயர நீரைத் தாங்கும், பி.என். 10 என்றால் 100 மீட்டர். இறக்கம் 150 மீட்டர் என்றால் தடித்த குழாய் வாங்குவதைவிட, இடையிடையே 50 மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றாகச் சின்னத் திறந்த தொட்டி வைத்து அழுத்தத்தை உடைப்பதே மலிவு. அதைப் பழுது பார்ப்பதும் எளிது. குழாயைக் குறைந்தது 60 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். தரை உறையும் ஊர்களில், மண் எவ்வளவு ஆழம்வரை உறைகிறதோ அதற்கும் கீழே போக வேண்டும். பாறையில் தோண்ட முடியாத இடத்தில் மட்டும் இரும்புக் குழாய் போட்டு, பட்டை அடித்துப் பாறையோடு பிணையுங்கள். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும்.

கேள்வி: குழாய் போட்டு ஒரு வருடம் நன்றாக வந்தது. இப்போது ஊற்றுப்பெட்டி நிரம்பி வழிகிறது, ஊரிலோ நூல்போலத்தான் வருகிறது. குழாய் எங்கும் உடையவில்லை. என்ன காரணம்?

பதில்: குழாயில் காற்று பிடித்திருக்கிறது. மேடும் பள்ளமுமாகப் போகும் குழாயில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் காற்று சேரும். வரத்து நிறைய இருந்தால் அது தள்ளிக்கொண்டு போய்விடும், குறைந்தால் உச்சியிலேயே தங்கி வழியை அடைத்துக்கொள்ளும். இப்படி மூன்று நான்கு மேடுகள் இருந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்று, கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. வெயில் காலம் தொடங்கும்போது, அல்லது ஊற்றுப்பெட்டி ஒருமுறை காலியாகித் திரும்ப நிரம்பிய பிறகு இது வருவது வழக்கம்.

மேட்டு உச்சியில் உள்ள இணைப்பைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள். சீறலோடு காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தால் அதுதான் இடம். இறுக்கிவிடலாம். நிலையான தீர்வு அங்கே ஒரு காற்று வால்வு. இரும்புக்கம்பியைக் காய்ச்சிக் குழாயில் ஓட்டை போடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம், அதை மட்டும் செய்யாதீர்கள். குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் அந்த ஓட்டை வழியாகச் சேற்றுநீரும் உள்ளே இழுக்கப்படும்.

காற்று இல்லையென்றால் வண்டல். பள்ளங்களின் அடியில் மணல் தங்கும். அங்கே கழுவிவிடும் வால்வு இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை திறக்க வேண்டும். வால்வுகளை மேலிருந்து கீழாக வரிசையாகத் திறந்து பாருங்கள். எதுவரை நல்ல வேகம் இருக்கிறதோ அதற்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் அடைப்பு. இலையுதிர் காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சல்லடையை. வால்வுகளை மூடும்போதும் திறக்கும்போதும் மெதுவாகச் செய்யுங்கள். ஓடும் தண்ணீரை ஒரே திருகில் நிறுத்தினால் அதன் அடி இணைப்புகளைப் பெயர்த்துவிடும்.

பல திட்டங்கள் கெடுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. குழாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும், உதிரிப்பாகம் ஊரில் இல்லாததுமே. ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படையுங்கள், ஆண் பெண் என்ற பேதம் வேண்டாம். ஒரு பெட்டியில் இரண்டு நீளக் குழாய், ஐந்தாறு இணைப்பான், வாஷர், டெஃப்லான் டேப், இரும்பறுக்கும் ரம்பம், பைப் ரெஞ்ச் இரண்டு என்று பூட்டி வையுங்கள். கீழே இறங்கி ஒரு வாஷர் வாங்கிவர இரண்டு நாள் ஆகும் ஊரில், அந்தப் பெட்டி தொட்டியைப் போலவே திட்டத்தின் ஒரு பாகம்.

கேள்வி: எங்கள் ஊற்றே ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. மரம் நட்டால் சரியாகுமா?

பதில்: எங்கே நடுகிறீர்கள், எதை நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊற்றைச் சுற்றியே யூகலிப்டஸ் போன்ற வேகமாக வளரும் மரங்களை நட்டால் இருக்கும் தண்ணீரையும் அவை குடித்துவிடும். முதலில் ஊற்றுக்கு மழைநீர் எந்த நிலத்தில் இறங்கிப் போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் என்பது கட்டாயமில்லை. பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசையில்தான் நிலத்தடி நீர் நகரும். அந்தச் சாய்வைப் பொறுத்து, மழை இறங்கும் இடம் மலையின் மறுபுறச் சரிவாகக்கூட இருக்கலாம். ஒரு நாள் புவியியலாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டுவது ஆயிரம் கன்று நடுவதைவிடப் பயன் தரும். சிக்கிம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம் இந்த வழியில்தான் போனது. மழை இறங்கும் பகுதியைக் கண்டறிந்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் குட்டைக் குட்டை வாய்க்கால்களை விட்டுவிட்டு வெட்டி, ஓடிப்போகும் மழையை நிறுத்தி இறக்கினார்கள். ஒரே நீளமாக வெட்டாதீர்கள், ஓரிடம் உடைந்தால் முழு நீரும் அங்கே பாயும். ஏற்கெனவே வழுக்கும் சரிவிலும், வீடுகளுக்கு நேர் மேலேயும் இந்த வேலையே கூடாது.

கேள்வி: மலைக்கு வந்ததிலிருந்து பயறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகவில்லை. இங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. அப்படிக் கொதித்த தண்ணீர் குடிக்கப் பாதுகாப்பானதுதானா?

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே இயற்பியல், விடை மட்டும் வேறு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி குறையும். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கிறது. அடுப்பில் எவ்வளவு விறகை அடுக்கினாலும் அதற்கு மேல் சூடேறாது, தண்ணீர்தான் வேகமாக வற்றும்.

பயறு வேக 90 டிகிரி போதாது. பிரஷர் குக்கர் மலையில் ஆடம்பரம் அல்ல, விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் கருவி. குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டுகிறது. அதனால் கடல்மட்டத்தில் 121 டிகிரி தரும் குக்கர் 3,000 மீட்டரில் 115 டிகிரியைச் சுற்றித்தான் தரும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தை 5 சதவீதம் கூட்டுங்கள். 3,000 மீட்டரில் அது 40 சதவீதம். கீழே 20 நிமிடத்தில் வெந்தது இங்கே 28 நிமிடம். வெயிட்டின் மேல் வேறு எதையாவது கட்டி அழுத்தத்தைக் கூட்ட முயலவே கூடாது, குக்கர் வெடிக்கும். மாற்றுக் கேஸ்கட் ஒன்றும் பாதுகாப்பு வால்வு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சுண்ணாம்புப் பாறையில் ஊறும் கடின நீர் என்றால் வேகும் நேரம் இன்னும் கூடும், அதற்கு மழைநீர் நல்லது.

குடிநீர் விஷயத்தில் பயம் வேண்டாம். நோய்க்கிருமிகள் சாக 100 டிகிரி தேவையில்லை, 70 டிகிரியைத் தாண்டினாலே வேகமாகச் சாகத் தொடங்கும். 2,000 மீட்டருக்குக் கீழே ஒரு நிமிடம், அதற்கு மேலே மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். பத்து இருபது நிமிடம் கொதிக்கவைப்பது விறகை வீணாக்குவது. ஊர்த் தொட்டிக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவதென்றால் 1,000 லிட்டருக்குப் புதிய பவுடர் 2.5 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது, சேறே அதைத் தின்றுவிடும். முதலில் தெளியவிட வேண்டும். திறந்து வைத்த பவுடர் சில வாரங்களில் வீரியம் இழக்கும். மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் வீசிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கிராமப் பள்ளிக்குப் போகிறேன். எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: நல்ல உடற்பயிற்சி உங்களை உயர நோயிலிருந்து காப்பாற்றாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். இளைஞர்களும் ஓட்டக்காரர்களும் அவசரமாக ஏறித்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 3,500 மீட்டரில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் பழகச் சில நாட்கள் ஆகும். வாகனத்தில் ஒரே நாளில் போய் இறங்காமல், 2,500 மீட்டர் அளவில் இரண்டு இரவு தங்குங்கள். 3,000-க்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. பகலில் மேலே போய் வந்தாலும் இரவுக்குக் கீழே இறங்கிவிடலாம். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் சுமை தூக்க வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது, அவை இரவில் மூச்சின் வேகத்தைக் குறைத்துவிடும்.

தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை போன்றவை முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வரலாம். அங்கேயே ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் இரண்டு அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒருவர் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமி, இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் மருந்து இறங்குவதுதான். குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர், விடியும்வரை பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே. நுரையீரல் நோயாளியை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை (வழக்கமாக 125 மி.கி., நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து) மருத்துவரைக் கேட்டு மட்டுமே எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரமரப்பதும் சிறுநீர் அதிகம் போவதும் அந்த மாத்திரையின் இயல்பு.

பலரும் அறியாத ஒன்று: உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கீழே சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பி ஏறும்போது நுரையீரலில் நீர் கோத்து விழலாம். குழந்தைகளுக்கு இது அதிகம். விடுமுறைக்குச் சமவெளிக்குப் போய்த் திரும்பும் உங்கள் மாணவர்கள் முதல் மூன்று நாள் விளையாட்டில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருமலோடு மூச்சு வாங்கும் பிள்ளையைச் சளி என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.5. சமவெளியில் இது சரியான அளவு என்கிறார்கள். நாங்கள் 3,000 மீட்டரில் இருக்கிறோம்.

பதில்: அப்படியென்றால் அது ரத்தசோகையாகவே இருக்கக் கூடும். ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட உடல் அதிக ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அதனால் 3,000 மீட்டரில் இயல்பு அளவே ஏறத்தாழ 2 கிராம் கூடுதலாக இருக்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 என்ற எல்லை அங்கே 14 ஆகிறது. எந்த உயரத்தில் வசிக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வயதான பெண்கள் பலருக்குக் கழுத்தில் கட்டி. தண்ணீர்தான் காரணமா?

பதில்: தண்ணீரில் இருப்பது காரணமல்ல, இல்லாததே காரணம். மழையும் பனியாறுகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலை மண்ணிலிருந்து அயோடினை அரித்துக் கொண்டுபோய்விட்டன. அந்த மண்ணில் விளைவதிலும் அது இல்லை. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளும் ஒரு காலத்தில் இதே கழுத்துக்கட்டியால் தவித்தவை. 1922-இல் அங்கே உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கர்ப்ப காலத்தில் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். கட்டியைவிட நாம் அஞ்ச வேண்டியது அதைத்தான்.

பாறை உப்பில் அயோடின் கிட்டத்தட்ட இல்லை. அயோடின் கலந்த உப்பே வாங்கினாலும், ஈரத்தில் திறந்து வைத்தால் அயோடின் போய்விடும். மூடி இறுகும் பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சமையல் இறக்கும் நேரத்தில் உப்பைப் போடுங்கள். பல ஆண்டுக் கட்டி முழுவதும் கரையாது. வயதானவர்களுக்குப் புதிதாக அயோடின் உப்பு தரத் தொடங்கியபின் படபடப்பும் உடல் மெலிவும் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய கட்டி திடீரென்று அதிகம் சுரப்பதால் வருவது அது.

கேள்வி: குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்து அடுப்பெரிக்கிறோம். புகைபோக்கி வைத்தும் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

பதில்: புகைபோக்கியின் வாய் கூரையின் முகட்டைவிடக் குறைந்தது 60 செ.மீ. உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் மலைக்காற்று கூரைமேல் புரண்டு புகையைத் திருப்பி அடிக்கும். குழாயின் விட்டம் 10 முதல் 15 செ.மீ. இருக்க வேண்டும். வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கியில் காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். முதலில் ஒரு கைப்பிடி காய்ந்த சருகை அதன் அடியில் கொளுத்திச் சூடேற்றினால் இழுக்கத் தொடங்கும். முழுக்க அடைத்த அறையில் எந்தப் புகைபோக்கியும் இழுக்காது, உள்ளே காற்று வந்தால்தான் வெளியே போகும். அடுப்பின் அருகே தரைமட்டத்தில் கையளவு துளை ஒன்று விடுங்கள். பச்சை விறகு ஈரத்தைக் கக்கிப் புகைபோக்கிக்குள் தார் படிய வைக்கும். அது ஒரு நாள் தீப்பற்றும். விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கி, ஆறு மாதமாவது காயவிடுங்கள். புகைபோக்கியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

கரித்தணலைத் தட்டில் வாரி எடுத்துப் படுக்கையறையில் வைத்துத் தூங்காதீர்கள். அதில் புகை இல்லை என்பதே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஒரு குடும்பம் முழுவதையும் கொன்றுவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் மண்சரிவின் எந்த அறிகுறியைக் கண்டால் வீட்டைவிட்டு ஓட வேண்டும்?

பதில்: ஓடையில் தண்ணீர் மழை நிற்காமலேயே சட்டென்று குறைந்தால். மேலே சரிவு விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது, அது எந்த நொடியிலும் உடையும். தெளிந்த ஓடை திடீரென்று சேறாக மாறுவதும், பாறைகள் உருளும் சத்தமும் அப்படியே. ஓடையின் போக்கிலேயே கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

மற்ற அறிகுறிகள் நாட்கணக்கில் தெரியும். சரிவின் மேலே பிறைவடிவ வெடிப்பு, சாய்ந்துகொண்டே வரும் மரங்களும் கம்பங்களும், காரணமில்லாமல் இறுகும் கதவு, புதிதாகக் கசியும் ஈரம். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு குச்சி நட்டு, நடுவிலுள்ள தூரத்தை நாள்தோறும் அளந்து எழுதுங்கள். விரிந்துகொண்டே போனால் மழை வருவதற்கு முன்பே இடம் மாறுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, மழைநீர் உள்ளே இறங்காமல் திருப்பிவிடுவது நல்லது. வீட்டுக் கழிவுநீரும் ஒழுகும் குழாயும் சரிவுக்குள் இறங்குவதை அலட்சியம் செய்யாதீர்கள். நனைந்த மண் கனமாகும், பிடிப்பும் தளரும். நாம் சேர்க்கும் தண்ணீரும் அந்த மண்ணுக்குள்தான் போகிறது.

கேள்வி: குளிர் ஊரில், பாறை நிலத்தில் எப்படிப்பட்ட கழிப்பறை நிற்கும்?

பதில்: குழி தோண்ட முடியாத இடத்தில் தரைக்கு மேலே இரட்டை அறை வைத்த உலர் கழிப்பறை. சிறுநீர் தனியாகப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு கொத்துச் சாம்பலோ காய்ந்த மண்ணோ போட வேண்டும். ஓர் அறை நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். குளிரில் மட்குவது மெல்லத்தான் நடக்கும். 20 டிகிரிக்குக் கீழான ஊர்களில் மூடிய அறையை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு திறக்கவே கூடாது. ஆறு மாதத்தில் அள்ளி வயலில் போட்டால் குடற்புழு முட்டைகளையும் சேர்த்துப் போடுகிறீர்கள். அறையின் அளவையும் அந்த இரண்டு ஆண்டுக்குக் கணக்கிட்டுக் கட்டுங்கள். ஊற்றுக்கு மேற்புறம் எந்தக் கழிப்பறையும் வேண்டாம். கீழ்ப்புறமானாலும் 30 மீட்டர் இடைவெளி விடுங்கள். பிளந்த பாறை என்றால் அதுவும் போதாது, இன்னும் தள்ளிப் போங்கள்.

கேள்வி: ஓடையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு கிடைக்கும்?

பதில்: விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை, தண்ணீர் விழும் உயர மீட்டரால் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்குங்கள். வாட் கணக்கு வரும். 10 லிட்டர், 30 மீட்டர் என்றால் 1,500 வாட். முப்பது வீட்டு விளக்குகளுக்கும் கைபேசிகளுக்கும் தாராளம், மின் அடுப்புக்குப் போதாது. மின்சாரம் நின்றுபோகக் காரணம் பெரும்பாலும் இலையும் மணலும்தான். நுழைவாயிலில் சாய்வான கம்பித் தடுப்பும் அதற்குப் பின்னால் மணல் படியும் தொட்டியும் கட்டாயம். ஊரே விளக்கை அணைக்கும்போது டர்பைன் தறிகெட்டுச் சுற்றாமல் இருக்க, மிஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீர் சூடாக்கும் காயிலுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். மாற்றுப் பேரிங்கும் பெல்ட்டும் ஊரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பிரசவ வலி வந்தவரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் இறங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வலி வரும்வரை காத்திருக்காததே சிறந்த வழி. தேதி நெருங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவமனைக்கு அருகில் துணைக்கு ஒருவரோடு தங்கவையுங்கள். முன்பு அறுவை சிகிச்சையில் பிரசவித்தவர், இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்கே கிடப்பது, ரத்த அழுத்தம், முன் பிரசவத்தில் ரத்தப்போக்கு: இவர்களில் யாரையும் மேலே வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆனாலும் தூக்கிப்போகும் நாள் வரும். இரண்டரை மீட்டர் நீளத்தில் வலுவான இரண்டு கழிகளும் தடித்த கெட்டித் துணியும் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். நான்கு பேர் சுமந்தால் நான்கு பேர் மாற்றுக்கு உடன் நடக்க வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் பாதி வழியில் களைத்துவிடுவார்கள். இறக்கத்தில் தலைப்பக்கம் மேலே இருக்க வேண்டும், பெண்ணை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடந்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ஒருவர் முன்னே ஓடிப்போய் வாகனத்தை நிறுத்திவைக்க வேண்டும், அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் வளைவு எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்க உதவும் மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. அதைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையில் இருப்பு வைக்கக் கேளுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன் அதைத் தருவது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: விளைச்சலைத் தலையில் சுமந்து இறங்குவதிலேயே லாபம் போய்விடுகிறது. சாலை எப்போது வரும் என்று தெரியவில்லை.

பதில்: நேபாளத்தில் பல மலையூர்கள் இயந்திரமில்லாத கம்பிவடத்தைப் பயன்படுத்துகின்றன. மேலிருந்து கீழே இரண்டு இரும்பு வடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டில், இரண்டையும் சக்கரத்தின் வழியாக இணைக்கும் இழுவடம். கனமான தொட்டில் இறங்கும்போது லேசானது ஏறும். விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. 120 கிலோ இறங்கினால் 40 கிலோ மேலே வரும். இறக்குவதற்கு விளைச்சல் நிறைய இருந்து, ஏற்றுவதற்கு உப்பும் உரமும் போன்ற குறைந்த சுமை இருக்கும் ஊருக்கே இது பொருந்தும். சரிவு இடையில் மேடு தட்டாமல் ஒரே நோக்கில் இறங்க வேண்டும். வடத்தின் நங்கூரத்தையும் தொய்வையும் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டே தீர வேண்டும். பிரேக் பிடிப்பவருக்கும் மறுமுனையில் இருப்பவருக்கும் இடையே மணியோ கொடியோ, ஒத்துக்கொண்ட சைகை வேண்டும். வடத்தில் அறுந்து நிற்கும் இழைகளை வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்து எண்ணுங்கள், சக்கரத்துக்கும் வடத்துக்கும் கிரீஸ் தடவுங்கள். ஆட்கள் அதில் ஏறக் கூடாது. அவசரத்துக்குக்கூட ஒருவரை ஏற்றாதீர்கள், சரக்குக்கான பிரேக்கும் வடமும் மனித உயிருக்குக் கணக்கிடப்பட்டவை அல்ல.